போல்ட் துளையில் கசிந்த தண்ணீர்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு

மலருக்குப் படைப்புகள் தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் எங்கள் வகுப்பிலிருந்து மட்டும் பதினோரு பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் ஒரு போல்ட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் போல்ட்டால் எங்கள் அப்பாவின் வேலையே போக இருந்தது. அதில் என் கைவரிசையும் கொஞ்சம் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா டிரைவர். எங்கள் ஊரில் ஒருவர் 1986-ஆம் வருட மாடல் அம்பாசிடர், மார்க் 4, கிரீம் கலர் வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். அதை ஓட்டுவதுதான் அப்பாவின் பிழைப்பு. எத்தனை புதுக் கார் வந்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர்தான் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. முகூர்த்த மாதங்களில் வண்டி நிற்காது, மற்ற மாதங்களில் நகராது. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓடினால் பேட்டா. என் பரீட்சை ஃபீஸ் எல்லாம் யாரோ ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போனதால் கட்டியதுதான்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். அதனால் மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சைக்கிள் செயின் கழன்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "நம்ம பையன் மெக்கானிக்கல் படிக்கிறான்ல" என்று அப்பா நாலு பேர் முன்னால் சொல்லும்போது பெருமையாகவும் இருக்கும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். தியரியில் பாஸ் ஆவது வேறு, பானெட்டைத் திறந்து பார்ப்பது வேறு அல்லவா?

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரின் வடிவத்தை வைத்து மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வண்டியில் இருப்பது பழைய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. மரையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு இல்லை, இஞ்ச் கணக்கு. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இன்ஜினில் சூடான தண்ணீர் ஹெட்டின் முன்பக்கம் வழியாக வெளியேறி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அது வெளியேறும் வாயில்தான் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும். (நம்ம ஊரில் அதைக் கழற்றிக் கடாசிவிட்டு ஓட்டுகிறவர்களே அதிகம்.) அதன் மேல் ஒரு வளைந்த மூடி, நடுவில் ஒரு பேக்கிங், பிடித்துக்கொள்ள மூன்று ஸ்டட். எங்கள் வண்டியில் இரண்டு இடத்தில்தான் ஸ்டட் இருந்தது. மூன்றாவது எப்போதோ முறிந்து, யாரோ டிரில் போட்டு எடுத்துவிட்டு அங்கே ஒரு போல்ட்டைச் செருகியிருந்தார்கள். அது எப்போது நடந்தது என்று அப்பாவுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

போன வருடம் வரை ரேடியேட்டரில் போர் தண்ணீர்தான். முதலாளி யாரோ சொல்லிக் கேட்டு, உள்ளே நன்றாகக் கழுவிவிட்டு, பச்சைக் கூலன்ட் கலந்து ஊற்றச் சொன்னார். நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் அந்தப் போல்ட் தலைக்குக் கீழே பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்தது போல ஒரு பொருக்கு. ஓடும்போது ஒரு சொட்டும் தெரியாது, சூட்டில் காய்ந்துவிடும். வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கீழே நாலு சொட்டு. "கூலன்ட் ஊத்தினதாலதான் ஒழுகுது, பழைய தண்ணியே ஊத்துங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. கூலன்ட் ஓட்டை போடவில்லை. இத்தனை வருடம் துருவும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து அடைத்து வைத்திருந்த ஓட்டையைக் கழுவிக் காட்டிவிட்டது, அவ்வளவுதான். போதாததற்குக் கூலன்டில் இருக்கும் கிளைகாலுக்குப் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு. தண்ணீர் தயங்குகிற சந்தில்கூட அது நுழைந்துவிடும்.

மெக்கானிக் அண்ணன் மூடியைக் கழற்றிப் பேக்கிங் மாற்றினார். ஒரு வாரம் சும்மா இருந்தது, மறுபடி பொருக்கு. இன்னொரு பேக்கிங், இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஷெல்லாக் பூசி. மறுபடி பொருக்கு. இங்கேதான் நான் வருகிறேன்.

லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "போல்ட் லூஸா இருக்குப்பா, அதான்" என்றேன். ரிங் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி இழுத்தேன். ஆறு அங்குல ஸ்பேனரைப் பதினெட்டு அங்குலம் ஆக்கினால் விசை மூன்று மடங்கு ஆகும். முதலாம் ஆண்டில் படித்த நெம்புகோல் கணக்குதான். படித்தவனுக்கு இழுக்கும்போது அது ஞாபகம் வரவில்லை. முதலில் இறுகியது, இன்னும் இறுகியது, பிறகு திடீரென்று வெண்ணெய் மாதிரி ஒரு மெது. போல்ட் முறியவில்லை. மரை போச்சு. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்பா பக்கத்தில் துணியோடு நின்றுகொண்டிருந்தார். "ஆச்சாப்பா?" என்று கேட்டார். "ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளையோடு வண்டி மண்டபத்துக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளை, தோழன், பூமாலை எல்லாவற்றையும் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாராம் அப்பா. பெண் வீட்டார் வாடகை தரவில்லை. முதலாளி அப்பாவுக்குப் பேட்டா தரவில்லை. அன்று ராத்திரி அப்பா சாப்பிடும்போது "என் நேரம்" என்று மட்டும் சொன்னார். நான் குனிந்து சாப்பிட்டேன்.

மறுநாள் வேறொரு பட்டறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஹெட் வெடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வேறு ஹெட் தேடவேண்டும், தேடிப் பிடித்தாலும் கூலி, பாகம் எல்லாம் சேர்த்தால் வண்டி விலையில் பாதி வந்துவிடும் என்றார். முதலாளி காயலான் கடைக்காரரிடம் விலை பேச ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு வண்டிக்குப் போகலாம்தான், கூப்பிட ஆள் வேண்டுமே!

எங்கள் தெருக் கோடியில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அதை வைத்திருக்கும் பெரியவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பைப் போட்டு இழுத்தது, மரை போனது, அப்பாவிடம் மறைத்தது, எல்லாம். அவர் திட்டவில்லை. "அந்தப் போல்ட்டைக் கொண்டா" என்றார். கொண்டு போனேன். தலையைப் பார்க்கவே இல்லை, நுனியைத்தான் பார்த்தார். நுனி முழுக்கச் செம்மண் நிறத் துரு, அதன் மேல் சுண்ணாம்புப் படிவு. "இது தண்ணிக்குள்ளயே குடியிருந்திருக்குடா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

போல்ட் துளையில் இரண்டு ஜாதி. ஒன்று, வகுப்பில் பிளைண்ட் ஹோல் என்று சொல்கிற, அடி மூடிய துளை. கிணறு மாதிரி, கீழே கெட்டி இரும்பு. இன்னொன்று அடி திறந்த துளை, சுரங்கம் மாதிரி. அதன் அடுத்த முனை வாட்டர் ஜாக்கெட்டுக்குள், அதாவது இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் அறைக்குள், போய்த் திறக்கும். சில இன்ஜின்களில் வடிவமைப்பிலேயே அப்படித்தான். அமெரிக்காவில் செவ்ரலே 1955-இல் கொண்டுவந்த சின்ன வி-8 இன்ஜினில் ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட். அந்தத் துளைகள் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் திறப்பவை. அதைப் பூட்டும்போது மரையில் சீலன்ட் பூசுவது வேலையின் ஒரு பகுதி. பூசாமல் விட்டால் இன்ஜின் புதிதாக இருந்தாலும் கசியும்.

இன்னும் சில இன்ஜின்களில் துளை பிறக்கும்போது மூடித்தான் இருந்திருக்கும், பிறகு திறந்திருக்கும். அடியில் இருந்த மெல்லிய சுவரை உள்ளிருந்து துரு அரித்திருக்கலாம். நீளமான போல்ட்டைப் போட்டு முட்டி உடைத்திருக்கலாம். அல்லது முறிந்த ஸ்டட்டை எடுக்கிறேன் என்று டிரில்லை ஒரு நூல் அதிகமாக இறக்கியிருக்கலாம். எங்கள் வண்டியில் நடந்தது இந்தக் கடைசி என்றுதான் பெரியவர் சொன்னார்.

சரி, துளை தண்ணீருக்குள் திறந்தால் என்ன, போல்ட் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாதாரண மரை தண்ணீரை அடைக்காது. போல்ட்டை இறுக்கும்போது மரையின் ஒரு பக்கச் சரிவுதான் எதிர் மரையோடு அழுந்துகிறது. மறுபக்கச் சரிவிலும், மரையின் உச்சியிலும் அடியிலும், முடிமுனையளவு இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் போல்ட்டைக் கையால் திருகவே முடியாது. அந்த இடைவெளி அடியிலிருந்து மேல் வரை அறுபடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது, மாடிக்குப் போகிற சுழல் படிக்கட்டு மாதிரி.

அந்தப் படிக்கட்டின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5/16 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 24 மரை, உள்ளே அரை அங்குலம் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக 12 சுற்று. ஒரு சுற்று ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். மொத்தம் 27 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்! அரை அங்குலத்துக்குள் ஒரு முழ நீளத்தில் பாதிக்கு மேல் வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் மெதுவாக வரும், ஆனால் வரும். வண்டி ஓடும்போது உள்ளே அழுத்தமும் இருக்கிறதே. எங்கள் ரேடியேட்டர் மூடியில் 7 என்று அச்சிட்டிருக்கிறது, சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது, அதற்காகத்தான் அந்த மூடி. அதே அழுத்தம்தான் மரை வழியாகவும் தண்ணீரைத் தள்ளுகிறது.

பேக்கிங் மாற்றியும் ஏன் நிற்கவில்லை என்பது இப்போது புரியும். பேக்கிங் அடைப்பது நடுவில் இருக்கும் பெரிய வாயை. இந்தத் தண்ணீரோ பெரிய வாய்ப் பக்கமே வரவில்லை. மரை வழியாக ஏறி, மூடியின் துளைக்குள் புகுந்து, போல்ட் தலைக்குக் கீழே வெளியே வருகிறது. முன்வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

ஹெட் வெடிக்கவில்லை என்று எப்படி உறுதி செய்தோம்? வெடித்திருந்தால் பெரும்பாலும் வேறு அடையாளங்கள் இருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும், இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது, டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வரும், ஒரு பிளக் மட்டும் நனைந்திருக்கும். எங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. ஒருமுறை அடையாளம் ஒன்றும் இல்லாமலும் நுண்ணிய விரிசல் இருக்கலாம் என்பதால் பெரியவர் இன்னொன்றும் செய்தார். ஆறிய இன்ஜினில் தண்ணீரை நிரப்பி, அந்தப் பகுதியை பெட்ரோல் துணியால் துடைத்துக் காயவைத்து, அம்மாவின் முகப்பவுடரைத் தூவச் சொன்னார். பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் சைக்கிள் டியூப் வால்வைப் பற்றவைத்து அவரே செய்த கருவி ஒன்று இருந்தது. அதைப் பூட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டே 7 பவுண்டு வரை பம்ப் அடித்தோம். அதற்கு மேல் அடிக்கக் கூடாது, ரேடியேட்டர் பிளந்துவிடும். இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் வெள்ளைப் பவுடரில் போல்ட் தலையைச் சுற்றி மட்டும் பிறை நிலா மாதிரி ஓர் ஈரக் கோடு. ஹெட்டின் மேல் வேறெங்கும் இல்லை.

அப்பா அந்தப் பிறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொன்னேன், "பைப் போட்டு நான்தான்ப்பா மரையைப் போக்கினேன்" என்று. "தெரியும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பிறகு மூடியைக் கழற்றினோம். தண்ணீரை வடித்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துத் துளையில் விட்டார். அடி மூடிய துளையாக இருந்தால் நிரம்பி நிற்கவேண்டும். எத்தனை விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் போல்ட் நீளத்தையும் தாண்டிப் போயிற்று. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. முதல் பேக்கிங் மாற்றிய அன்றே செய்திருக்கலாம்.

அடி மூடிய துளையாக இருந்தால் தண்ணீரோ ஆயிலோ உள்ளே நிற்கும்படி விட்டுவிட்டுப் போல்ட்டை இறுக்கவே கூடாது. திரவம் சுருங்காது. போல்ட் பிஸ்டன் மாதிரி இறங்கி அழுத்தும்போது, போக வழியில்லாத திரவம் இரும்பையே பிளந்துவிடும். ஹெட் போல்ட் துளைகளில் ஆயில் தேங்கி பிளாக் வெடிப்பது இப்படித்தான். காற்றடித்துத் துடைத்துவிட்டுத்தான் பூட்டவேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடியுங்கள், துரு நேராக முகத்துக்குத்தான் வரும்.

இன்னொரு வேடிக்கையும் அங்கே வெளிப்பட்டது. அந்தத் துளையில் இருந்தது 5/16 போல்ட்டே இல்லை, 8 மில்லிமீட்டர் போல்ட்! 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரையின் இடைவெளி வேறு வேறு. 8 மில்லிமீட்டர் போல்ட்டில் சாதாரணமாக 1.25 மில்லிமீட்டருக்கு ஒரு மரை, அங்குலத்துக்கு 24 மரை என்றால் 1.06 மில்லிமீட்டருக்கு ஒன்று. இரண்டு சுற்றுக் கையால் போகும், அப்புறம் பிடிக்கும். "துரு பிடிச்சிருக்கு" என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இறக்கினால் பாதி மரையை அரைத்துக்கொண்டு போய் உட்காரும். முன்பு யாரோ அப்படி இறக்கியிருக்கிறார்கள். மிச்சம் இருந்த பாதி மரையைப் போக்கிய புண்ணியம் எனக்கு. பழைய இஞ்ச் வண்டிகளில் வேலை செய்கிறவர்கள் பையில் ஒரு பிட்ச் கேஜ் வைத்திருந்தால் இந்தப் பாவம் செய்ய வேண்டியிராது.

ரிப்பேருக்கு வருகிறேன். மரை நன்றாக இருந்திருந்தால் வேலை சுலபம்: சுத்தம் செய்து, சீலன்ட் பூசி, சரியான நீளத்தில் ஸ்டட் போட்டு முடித்திருக்கலாம். எங்களுக்கு மரையே இல்லை. பெரியவர் துளையை 3/8 அங்குலத்துக்குப் பெரிதாக்கி, கீழ்ப்பாதி 3/8, மேல்பாதி 5/16 என்று படி வைத்த ஸ்டட் ஒன்றை லேத்தில் கடைந்தார். கீழ்ப்பாதிக்கு அங்குலத்துக்கு 16 மரை உள்ள பெருமரை. வார்ப்பிரும்பு பொடிந்து உதிரும் ஜாதி, அதில் பெருமரைதான் நன்றாகப் பிடிக்கும் என்று நாமும் படித்திருக்கிறோம். இதில் ஓர் அழகு என்னவென்றால், 3/8 பெருமரைக்கு டேப் அடிக்கும் முன் போடவேண்டிய டிரில் அளவு சரியாக 5/16. அதாவது பழைய மரையை வழித்தெடுக்கிற அதே டிரில்தான் புது மரைக்கும் துளை. டேபிள் பார்த்து நான் சொன்னேன். டேபிள் பார்க்காமலே அந்த டிரில்லைக் கையில் எடுத்து வைத்திருந்தார் அவர்.

டிரில் நுனியிலும் டேப்பின் பள்ளங்களிலும் கிரீஸ் அப்பிக்கொண்டார். இரும்புத்தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், வாட்டர் ஜாக்கெட்டுக்குள் விழுவது குறையும். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்றுப் பின்னே, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைப்பது. அந்த ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம். கடைசியில் உள்ளே தண்ணீர் பாய்ச்சி இரண்டு தடவை கழுவினோம்.

போல்ட் போடாமல் ஏன் ஸ்டட்? போல்ட் போட்டால் ஒவ்வொரு முறை மூடியைக் கழற்றும்போதும் அது சுழலும், மரையில் பூசிய சீலன்ட் உடையும், மறுபடி பூசவேண்டும். ஸ்டட் ஒருமுறை உட்கார்ந்தால் அசையாது, மேலே நட்டு மட்டும்தான் சுழலும். அடைப்பு அப்படியே இருக்கும். ஸ்டட்டைக் கழற்ற வேண்டி வந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, அடி நட்டைத் திருப்பினால் ஸ்டட் வந்துவிடும். பிளையர் போட்டு மரையைக் கடிக்கவேண்டாம்.

சீலன்ட் விஷயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது நம்ம டிரைவர்களின் பாட்டி வைத்தியம். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவலாம். அதையே சிகிச்சையாக வைத்துக்கொண்டால் ஓட்டையை அடைக்கும் முன் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். எம்-சீலைப் போல்ட் தலையைச் சுற்றி அப்புவதும் பார்த்திருக்கிறேன். அழுத்தம் பின்னாலிருந்து தள்ளும்போது அது பொருக்கு மாதிரி பெயர்ந்து வரும். டெஃப்லான் டேப் குழாய்க்காரர்களின் சாமான். குழாய் மரை போகப் போகச் சிறுத்து ஆப்பு மாதிரி இறுகும், அதற்கு அது சரி. போல்ட் மரை ஒரே சீரானது. டேப் கிழிந்து நூல் நூலாகத் தண்ணீரில் போகும். டெஃப்லான் கலந்த பசையாக வரும் மரை சீலன்ட் பரவாயில்லை, அடிக்கடி கழற்றவேண்டிய போல்ட்டுக்கு அதுதான் வசதி. செம்பு வாஷர் போடலாமா என்றால், தலைக்கடியில் தண்ணீரை நிறுத்தும், ஆனால் மரையில் தண்ணீர் தேங்கியே இருக்கும். அடுத்த முறை கழற்றும்போது போல்ட் துருவேறி முறியும்.

ஸ்டட்டுக்கு நாங்கள் போட்டது காற்றில்லா இடத்தில் உறையும் பசை. இதன் வேதியியல் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1950-களில் அமெரிக்காவில் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கிய முறை, லாக்டைட் என்ற பெயரில் பிரபலமானது. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். இரண்டு உலோகத்துக்கு நடுவில் காற்றில்லாமல் மாட்டியதும் கெட்டியாகிவிடும். அதனால்தான் அந்தப் பாட்டிலை முழுக்க நிரப்பாமல் விற்கிறார்கள். குறைவாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், நான் போட்டேன். மரையின் சுழல் வாய்க்கால் முழுவதையும் அது நிரப்பி உறைகிறது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. பெட்ரோலில் கழுவி, காயவைத்து, அடி மரைகளில் பூசி, கையால் திருகி உட்காரவைத்துவிட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி தொடாமல் விட்டோம்.

நட்டை இறுக்கும்போது பெரியவர் ஸ்பேனரின் முனையைப் பிடிக்கவிடவில்லை, நடுவில் பிடிக்கச் சொன்னார். நாம் கொடுக்கும் முறுக்கத்தில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உராய்வாகவே போய்விடுகிறது, 40 சதவீதம் மரை உராய்வில் போகிறது. போல்ட்டை உண்மையில் இழுத்துப் பிடிப்பது மிச்சம் 10 சதவீதம்தான். அதனால் மரையில் ஆயிலோ வழுக்கும் சீலன்டோ பூசினால் உராய்வு குறைந்து, அதே முறுக்கத்துக்கு இழுப்பு எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஹெட் போல்ட்டுகளில் இது விளையாட்டில்லை. மேனுவலில் சொன்ன டார்க் காய்ந்த மரைக்கா, எண்ணெய் பூசிய மரைக்கா என்று பார்த்துத்தான் டார்க் ரெஞ்சைத் தொடவேண்டும்.

ஹெட் பற்றிச் சொல்லும்போது அம்பாசிடர்காரர்களுக்கு ஒன்று. இந்த இன்ஜினில் ஹெட்டைப் பிடிப்பது 11 ஸ்டட். அதில் நான்கு, ராக்கர் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கரை மட்டும்தானே கழற்றுகிறோம் என்று அந்த நான்கை அவிழ்த்தால் ஹெட் ஒரு பக்கம் விடுபட்டு வளைய வாய்ப்புண்டு, பேக்கிங்கில் தண்ணீர் இறங்கும். தண்ணீரை வடித்துவிட்டு, 11 நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும்.

மறுநாள் கூலன்ட் நிரப்பினோம். வடித்த பழைய கூலன்டை சாக்கடையிலோ தெருவிலோ ஊற்றாதீர்கள். கிளைகால் இனிக்கும், நாய் நக்கிவிடும், அது விஷம். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம். அப்பாவின் வலது முழங்கையில் அதற்கான தழும்பு இருக்கிறது.

மறுபடி பவுடர், மறுபடி 7 பவுண்டு. பதினைந்து நிமிஷம் கேஜ் முள் அசையவில்லை. பெரியவர் கூலியாக 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். பசைக்கும் கூலன்டுக்கும் தனி. ஹெட்டும் மாற்றவில்லை, காயலான் கடைக்கும் போகவில்லை. முதலாளி நின்றுபோன அந்த ஒரு பேட்டாவை மட்டும் இன்னும் தரவில்லை.

அதன் பிறகு வண்டி இரண்டு முகூர்த்த மாதம் ஓடியாயிற்று. காலையில் வண்டியை எடுக்கும் முன் அப்பா பானெட்டைத் திறந்து அந்த ஸ்டட்டைச் சுற்றி விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். காய்ந்துதான் இருக்கிறது. மற்ற இரண்டு ஸ்டட்டுகளும் அதே வயசுதான், ஒன்றின் அடியில் லேசாக வெளுப்புத் தெரிகிறது. பரீட்சை முடிந்ததும் அதைக் கழற்றிப் பார்ப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். "பெரியவர் பக்கத்துல இருக்கும்போது கழட்டு" என்றார்.